சட்டியில் விழுவதை முதலில் நடுங்கள்

கேள்வி: ஐயா, நான் கோண்டாவிலில் ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். காலையில் இடியப்பம், புட்டு, தோசை. மத்தியானம் 60 பார்சல் அளவில் சோறு. மாமியும் நானும் உதவிக்கு ஓர் அக்காவும் சமைக்கிறோம். கணவர் மேசன், வேலை இருக்கிற நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. நீர்வேலியில் அம்மா சீதனமாகத் தந்த 6 பரப்புத் தோட்டக்காணி இருக்கிறது, கிணறும் உண்டு. இவ்வளவு காலமும் குத்தகைக்குக் கொடுத்திருந்தோம். வெங்காயமும் புகையிலையும் செய்தார்கள். இந்த ஆவணியோடு குத்தகை முடிகிறது. மருந்து அடிக்காத மரக்கறியைச் சமைத்துக் கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கனடாவில் இருக்கும் அத்தான் காசு அனுப்புவதாகச் சொல்கிறார். கடையை மூடிவிட்டு 6 பரப்பையும் இயற்கை விவசாயத்துக்கு மாற்றி, சான்றிதழ் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்பது அவருடைய யோசனை. பக்கத்துக் காணிக்காரரோ, "எங்கட மண்ணில யூரியா இல்லாமல் ஒண்டும் வராது, 2021 மறந்துபோச்சோ" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, கோண்டாவில்

பதில்:

தங்கச்சி, முதலில் கேட்ட கேள்விக்கே நேராக வருகிறேன். கடையை மூடாதீர்கள். 6 பரப்பையும் ஒரே தடவையில் மாற்றவும் வேண்டாம், 2 பரப்போடு தொடங்குங்கள். ஆசையை மட்டும் விட்டுவிடாதீர்கள், அது நடக்கக்கூடிய ஆசைதான்.

விவசாயப் போதனாசிரியராக வேலை செய்த காலம் முழுக்க நான் கண்டது இது: எங்கள் தோட்டக்காரர் பெரும்பாலும் விளைவிக்கத் தெரியாமல் நட்டப்படுவதில்லை. விற்கும் இடத்தில்தான் நட்டப்படுகிறார்கள். விடியற்காலையில் திருநெல்வேலிச் சந்தைக்கோ மருதனார்மடத்துக்கோ மூட்டையைக் கொண்டுபோனால், அன்றைக்கு எவ்வளவு மரக்கறி வந்து குவிந்ததோ அதுதான் விலையைச் சொல்கிறது. அதற்குள் கழிவு என்று நிறையில் வேறு வெட்டுவார்கள். இயற்கை முறையில் செய்தவருக்கு இன்னும் கஷ்டம். கத்தரிக்காய் கொஞ்சம் வளைந்திருக்கும், கீரையில் இரண்டு ஓட்டை இருக்கும். வாங்குபவர் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவார்.

உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. கிழமையில் ஆறு ஏழு நாளும் தவறாமல் மரக்கறி வாங்குகிற ஒருவர் உங்களிடம் இருக்கிறார். அது உங்கள் சமையலறை. வளைந்த கத்தரிக்காயைப் பால்கறி வைத்தால் யார் வளைவைப் பார்க்கப் போகிறார்கள்? ஓட்டை விழுந்த கீரையைக் கடைந்தால் ருசி குறைந்துவிடுமா? மற்றவர்கள் வருடக்கணக்கில் தேடுகிற சந்தையை மூடிவிட்டுத் தோட்டம் தொடங்கச் சொல்வது சரியான யோசனையாக எனக்குப் படவில்லை. அத்தான் நல்ல மனதோடுதான் சொல்கிறார். அவருடைய காசுக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

ஆகவே தோட்டத்தைக் காணியிலிருந்து யோசிக்காமல் அடுப்பிலிருந்து யோசியுங்கள். ஒரு கொப்பி எடுத்து, இரண்டு கிழமைக்கு உங்கள் கடைக்குள் வருகிற ஒவ்வொரு சாமானையும் எழுதுங்கள். எத்தனை கிலோ கத்தரிக்காய், எத்தனை பிடி கீரை, எத்தனை தேங்காய், என்ன விலை. இரண்டு கிழமை முடிய ஒரு விஷயம் தெரியவரும்: காசு பெரும்பாலும் அரிசி, மா, தேங்காய், எண்ணெய், காஸ், மீன் என்றுதான் போகும். அவற்றில் ஒன்றையும் இந்தத் தோட்டம் இப்போதைக்குத் தரப்போவதில்லை. தென்னம்பிள்ளை வைத்தாலும் காய்க்க ஐந்தாறு வருடம் வேண்டும். வெங்காயம் உங்களுக்கு நிறையத் தேவை, ஆனால் முதல் வருடத்திலேயே இயற்கை முறையில் சின்ன வெங்காயம் செய்து பார்க்க வேண்டாம். இலைப்பேனும் கருகலும் புதியவரைக் களைக்கப்பண்ணிவிடும். தோட்டம் குறைக்கப்போவது மரக்கறிச் செலவை மட்டும்தான். இதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் பிறகு ஏமாற்றம் இருக்காது.

சரி, எதை நடுவது? ஒவ்வொரு நாளும் சட்டியில் விழுவதை. கீரைதான் முதல். விதைத்து மூன்று நான்கு கிழமையில் பிடுங்கலாம். ஒரே நாளில் முழுப் பாத்தியும் விதைத்தால் ஒரே நாளில் முழுதும் முற்றிவிடும், ஆகவே கிழமைக்கு ஒரு சின்னப் பாத்தி என்று விதைத்துக்கொண்டே போங்கள். வெண்டியும் பயிற்றையும் விதைத்து 50 நாள் அளவில் காய்க்கத் தொடங்கும், ஒரு மாதத்துக்கு மேல் பிடுங்கலாம். முதல் விதைப்புக் காய்க்கத் தொடங்கும் நேரம் அடுத்த விதைப்பு மண்ணில் இருக்க வேண்டும். கத்தரி கன்று நட்டு இரண்டரை மாதமாகும், ஆனால் நன்றாகப் பார்த்தால் மாதக்கணக்கில் காய்க்கும். 60 பார்சலுக்கு நீங்கள் நினைப்பதைவிடக் குறைந்த கன்றே போதும். பச்சை மிளகாய், பாகல், புடோல், பூசணி. வரம்போரமாக முருங்கை, கறிவேப்பிலை, தேசி, பப்பாசி, றம்பை. கிணற்றடியில் தண்ணீர் வழிகிற இடத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும். வாழை கட்டாயம் வையுங்கள். நீர்வேலி வாழைக்குப் பேர்போன இடம், உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குலையை விட உங்களுக்கு இலை பயன்படும். லஞ்ச் சீற்றுக்குப் பதிலாக வாட்டிய வாழையிலையில் கட்டிய சோற்றின் வாசமே உங்கள் கடைக்கு ஒரு விளம்பரம்.

நாட்காட்டியையும் சமையலறைக் கண்ணோடு பாருங்கள். வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாட்டுக்கு ஆள் கூடும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஊரில் பாதிப்பேர் மச்சம் தொடமாட்டார்கள், மரக்கறி விலை ஏறிவிடும். புரட்டாதிச் சனியும் கந்தசஷ்டியும் அப்படித்தான். கொடியேற்றத்துக்கு 50 நாள் முன்னதாக வெண்டியும் பயிற்றையும் மண்ணுக்குள் போய்விட்டால், மற்றக் கடைக்காரர் விலையைப் பார்த்துத் தயங்கும் நேரம் உங்களுக்கு வீட்டுக்காய் இருக்கும்.

இனி உங்கள் பக்கத்துக் காணிக்காரர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி உண்மை. 2021 மே மாதம் ஒரே வர்த்தமானியால் செயற்கைப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டது. நவம்பரில் அந்தத் தடையைக் கைவிட்டார்கள். இடையில் நெல் விளைச்சல் சரிந்து, அரிசியை வெளியிலிருந்து வாங்கும் நிலை வந்தது. அந்த வருடம் கமக்காரர் பட்ட பாடு பொய்யில்லை. ஆனால் அது நடந்ததற்குக் காரணம், யூரியாவை எடுத்த இடத்தில் வைக்க நாட்டில் எரு தயாராக இருக்கவில்லை, மண்ணுக்குப் பழகக் காலமும் கொடுக்கப்படவில்லை.

கணக்கைப் பாருங்கள். யூரியாவில் நைதரசன் 46 வீதம். 10 கிலோ யூரியாவில் 4.6 கிலோ நைதரசன் இருக்கிறது. நல்ல கூட்டெருவில் நைதரசன் ஏறத்தாழ 1 வீதம்தான். ஆகவே அந்த 10 கிலோ யூரியாவுக்கு ஈடாக 460 கிலோ கூட்டெரு வேண்டும், அதிலும் முழுவதும் முதல் போகத்திலேயே பயிருக்குக் கிடைக்காது, மெல்ல மெல்லத்தான் விடும். இந்தக் கணக்குத் தெரியாமல் 6 பரப்பையும் மாற்றப் போனால் பயிர் மஞ்சளாகி நிற்கும், பக்கத்துக் காணிக்காரர் "நான் சொன்னேன்தானே" என்பார். வேறு விதமாகச் சொன்னால், நீங்கள் எத்தனை பரப்புச் செய்யலாம் என்பதை உங்கள் கையில் இருக்கும் எருதான் தீர்மானிக்க வேண்டும். மரக்கறிக்கு ஹெக்டேயருக்கு 10 தொன் எரு என்று வைத்துக்கொண்டால், ஒரு ஹெக்டேயர் ஏறத்தாழ 40 பரப்பு என்பதால், ஒரு பரப்புக்கு 250 கிலோ வருகிறது. அது ஒரு போகத்துக்கு. 2 பரப்புக்கு 500 கிலோ. அதைத் தேடுவதிலிருந்து தொடங்குங்கள்.

இங்கேதான் கடை மறுபடி கைகொடுக்கிறது. 60 பார்சலும் காலைச் சாப்பாடும் போடுகிற சமையலறையில் நாளுக்கு 10 கிலோ அளவில் தோல், தண்டு, தேங்காய்ப்பூச் சக்கை, தேயிலைச் சக்கை சேரும் என்று நினைக்கிறேன். இப்போது அதைக் குப்பைக்குப் போடுகிறீர்கள். மூன்று மாதத்தில் அது 900 கிலோ. காய்ந்த இலைச் சருகையும் சேர்த்துக் கும்பி (எருக்குவியல்) போட்டால், மக்கும்போது நிறை பாதிக்கு மேல் குறைந்தாலும், 400 கிலோ அளவில் எரு கிடைக்கக்கூடும். நான் ஏன் 2 பரப்பு என்று சொல்கிறேன் என்பது இப்போது விளங்கும்.

கும்பி போடும் விதம் சுருக்கமாக: ஒரு வாளி பச்சைக் கழிவுக்கு இரண்டு வாளி காய்ந்த சருகு. உயரமும் அகலமும் ஒவ்வொரு மீற்றராவது இருக்கட்டும், அதைவிடச் சிறிதானால் சூடேறாது. இடையிடையே மாட்டுச் சாணக் கரைசல் தெளியுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை கிளறிப் புரட்டுங்கள். நடுவில் ஓர் இரும்புக் கம்பியைக் குத்தி வைத்து, இழுத்துத் தொட்டால் கையை எடுக்கும் அளவு சூடு இருக்க வேண்டும். மழைக்குப் பனையோலையால் மூடுங்கள். மூன்று மாதத்தில் மண் வாசம் வரும்.

கும்பிக்குள் போடக்கூடாததும் உண்டு. உப்பும் எண்ணெயும் சேர்ந்த மிச்சக் கறி, சம்பல், சொதி வேண்டாம். எங்கள் தண்ணீரே பல இடங்களில் உவர், மண்ணுக்கு நாமும் உப்பைக் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடாது. அதேபோல யூடியூப்பில் தமிழ்நாட்டு நண்பர்கள் முட்டைக்கோது போடுங்கள், சாம்பல் போடுங்கள், சுண்ணாம்பு தூவுங்கள் என்று சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களின் மண்ணுக்கு அது சரியாக இருக்கலாம். வலிகாமத்துச் செம்மண் சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிற மண், சுண்ணாம்பு ஏற்கெனவே உண்டு. கூடுதலாகச் சாம்பல் போட்டால் காரத்தன்மை ஏறி, இரும்பும் நாகமும் (சிங்க்) பயிருக்குக் கிடைக்காமல் இளம் இலை வெளிறும். விறகடுப்புச் சாம்பலைக் கொஞ்சமாகக் கும்பியில் தூவுவதோடு நிறுத்துங்கள். பஞ்சகவ்வியம், ஜீவாமிர்தம் போன்ற சாணக் கரைசல்களைப் பற்றியும் கேட்பார்கள். செய்து விடுங்கள், தடையில்லை. ஆனால் ஒரு பீப்பாய் கரைசலில் இருக்கும் நைதரசன் மிகக் குறைவு, அது எருவின் இடத்தை நிரப்பாது.

சாணத்துக்கு என்ன செய்வது? அயலில் மாடு வைத்திருப்பவர் ஒருவர் இருப்பார். உங்கள் கடையில் ஒவ்வொரு நாளும் ஊற்றுகிற கழுநீரும் கஞ்சியும் அவருடைய மாட்டுக்கு வேண்டும், அவருடைய சாணம் உங்கள் கும்பிக்கு வேண்டும். காசில்லாமல் நடக்கக்கூடிய பண்டமாற்று இது, எங்கள் ஊர்களில் முன்பு எல்லா வளவிலும் நடந்ததுதான். உழவு இயந்திரப் பெட்டியில் வெளியிலிருந்து எரு வாங்கினால் கவனம், பார்த்தீனியம் என்ற நச்சுக்களையின் விதை அதோடு வந்துவிடும். நேரே தோட்டத்தில் கொட்டாமல் கும்பியில் போட்டுச் சூடேற்றிய பிறகு பாவியுங்கள். பார்த்தீனியம் முளைத்துவிட்டால் பூக்க முன்னர் பிடுங்குங்கள், வெறுங்கையால் தொடாதீர்கள். பச்சைச் சாணத்தைக் கீரைப் பாத்தியில் போடவே கூடாது. அமெரிக்க இயற்கை விவசாய விதிகளில், மண்ணில் படுகிற காய்கீரைக்கு மக்காத எரு போட்டால் அறுவடைக்கு 120 நாள் இடைவெளி வேண்டும் என்று இருக்கிறது. வல்லாரைச் சம்பல் பச்சையாகச் சாப்பிடுகிற சாமான், கடையில் 60 பேர் சாப்பிடுகிறார்கள். நன்கு மக்கிய எரு மட்டுமே அங்கே போக வேண்டும்.

வேலியைப் பற்றி எழுதாமல் விடமுடியாது. வெளிநாட்டுக் காசு வந்ததும் நாங்கள் முதலில் செய்வது, கிளுவையையும் பூவரசையும் தறித்துவிட்டு மதில் கட்டுவது அல்லது தகரம் அடிப்பது. எங்கள் பாட்டன்மாருக்கு வேலிதான் பசளைக் கடை. பூவரசு, கிளுவை, வாதநாராயணி, சீமைக்கிளுவை என்று வேலி நிறையக் குழை நிற்கும். வெட்டிக் கட்டாகக் கட்டித் தோட்டத்துக்குக் கொண்டுபோய் மண்ணுக்குள் தாழ்ப்பார்கள். தோட்டத்தில் பனையோலையையும் தாழ்த்தினார்கள். சீமைக்கிளுவையின் காய்ந்த இலையில் நைதரசன் 3 வீதத்துக்கு மேல், கூட்டெருவைப்போல மூன்று மடங்கு. உங்கள் 6 பரப்பைச் சுற்றிச் சீமைக்கிளுவைத் தடியை நெருக்கமாக நட்டால், அடுத்த வருடத்திலிருந்து வருடத்துக்கு மூன்று நான்கு தடவை குழை வெட்டலாம். எருவுக்குக் காசு கொடுப்பது அதோடு குறையும். பக்கத்துக் காணியில் மருந்து அடிக்கும்போது காற்றில் வருவதை மறிக்கவும் அந்த வேலிதான் உதவும். எல்லையோரம் இரண்டு வரி வாழையும் நின்றால் இன்னும் நல்லது. பக்கத்துக் காணிக்காரரோடு சண்டை வேண்டாம். மருந்து அடிக்கும் நாளை முன்கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள், காற்று இல்லாத காலை நேரத்தில் அடிக்கச் சொல்லுங்கள். கேட்டால் பெரும்பாலானோர் மறுப்பதில்லை.

மிச்ச 4 பரப்பையும் சும்மா விட்டால் கோரை பிடிக்கும். களைநாசினி இல்லாமல் கோரையை அடக்குவதற்கு நிழல் வேண்டும். குத்தகை முடிந்தவுடன் இறைத்துச் சணல் விதைத்து, 45, 50 நாளில் பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழுதுவிடுங்கள். அந்தத் தண்டும் இலையும் மண்ணுக்குள் போகும், கோரையும் ஓரளவு அடங்கும். அடுத்த போகத்திலிருந்து அங்கே உழுந்தும் பயறும் மாறிமாறிப் போடுங்கள். இரண்டும் அவரைக் குடும்பம், காற்றிலுள்ள நைதரசனைத் தாங்களே வேரில் பிடித்துக்கொள்ளும், யூரியா கேட்காது. இரண்டரை மாதத்தில் முடிந்துவிடும். உங்கள் தோசைக்கும் வடைக்கும் உழுந்து வேண்டும்தானே? எரு கூடக்கூட வருடத்துக்கு ஒரு பரப்பாக மரக்கறிக்கு மாற்றுங்கள். முழுக் காணியும் மாற நாலைந்து வருடமாகலாம். அது மெதுவான வேகம் என்று அத்தானுக்குத் தோன்றும். நட்டமில்லாத வேகம் அது.

கிணற்றைப் பற்றிக் கடிதத்தில் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு அதில்தான் அதிக அக்கறை. யாழ்ப்பாணத்துக்கு ஆறு இல்லை. மழைக்கு மட்டும் ஓடுகிற வழுக்கையாறுதான் உண்டு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி நிற்பதைத்தான் வருடம் முழுக்க இறைக்கிறோம். செம்மண் தண்ணீரை வேகமாகக் கீழே விடும், பசளையையும் அதோடு விடும். அதனால்தான் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அதிகம். குடிதண்ணீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். நீர்வேலிக் கிணற்றில் நைத்திரேற்றையும் உவரையும் சோதித்துவிடுங்கள். உங்கள் கடைக் கிணற்றையும் சேர்த்துச் சோதியுங்கள். நைத்திரேற்று கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீர் ஆபத்து. கடையிலிருந்து சுடுதண்ணீர் வாங்கிப் போகிற தாய்மாரும் இருப்பார்கள்.

தோட்டத்துக்கு வேறு கணக்கு. 50 மில்லிகிராம் நைத்திரேற்றுள்ள தண்ணீரை ஒரு பரப்புக்கு நாளுக்கு 5 மில்லிமீற்றர் வீதம் 100 நாள் இறைத்தால், 1.4 கிலோ நைதரசன் அதோடு போய்ச் சேரும். 3 கிலோ யூரியாவுக்குச் சமம். ஏற்கெனவே கிணற்றில் கிடக்கிற பசளையைப் பயிர் திரும்ப எடுக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்காக எருவை அள்ளிக் கொட்டினால் நல்லது என்று நினைக்கக்கூடாது. கோழியெருவைப் பெருமழைக்கு முன் குவித்தாலும் அதே நைத்திரேற்று அதே கிணற்றுக்குள்தான் போகும். இயற்கை என்பதால் மண் அதற்கு விலக்குத் தராது. எருவைப் பெருமழை ஓய்ந்தபிறகு, நடுவதற்குக் கொஞ்சம் முன்னர், பாத்தியில் மட்டும் இடுங்கள்.

பூச்சிக்கு வருகிறேன். முதல் வருடம் கொஞ்சம் தின்னும், அதை ஏற்றுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். புடோலுக்கும் பாகலுக்கும் காய் ஈதான் பெரிய எதிரி. பிஞ்சாக இருக்கும்போதே கடதாசிப் பையால் மூடுங்கள், விழுந்த காயைப் பந்தலின் கீழ் கிடக்க விடாமல் அன்றன்றே பொறுக்கிப் பொலித்தீன் பையில் கட்டி வெயிலில் போடுங்கள், ஆண் ஈயை வாசத்தால் இழுத்துப் பிடிக்கும் பெரமோன் பொறி ஒன்றிரண்டு தூக்குங்கள். கத்தரியில் வாடித் தொங்கும் நுனியை ஒடித்து எரித்துவிடுங்கள், உள்ளே புழு இருக்கும். வேப்பங்கொட்டையை வருடம் முழுக்கப் பாவிக்கலாம், ஊரில் வேம்புக்குக் குறைவில்லை. பழம் உதிரும் காலத்தில் பொறுக்கிச் சதை கழுவி நிழலில் காயவைத்து எடுத்துவையுங்கள். 500 கிராம் பருப்பை இடித்து 10 லீற்றர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் அதன் வலு போய்விடும். பூச்சியைக் கண்டவுடன் கொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள், தின்பதையும் பெருகுவதையும் குறைக்கும். மிளகாயில் இலை சுருண்டால் அந்தச் செடியை இரக்கம் பார்க்காமல் பிடுங்குங்கள்.

இதெல்லாம் பின்னேரத்தில் ஒருவர் நின்று பார்க்கிற வேலை. நீங்கள் விடியமுன் எழும்பி மத்தியானம்வரை அடுப்படியில் நிற்கிறவர். தோட்டத்தையும் உங்கள் தலையில் போட்டால் ஒரு போகத்துக்குள் உடம்பு விழுந்துவிடும். தோட்டம் உங்கள் கணவருடைய வேலையாக இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மேசன் வேலை இல்லாத நாளில் கனவேலை, இருக்கிற நாளில் பின்னேரம் ஒரு நடை. அவருக்கு விருப்பமா என்று கடிதத்தில் இல்லை. அதை முதலில் அவரிடம் கேளுங்கள். விருப்பம் இல்லாவிட்டால் ஒரு பரப்போடு தொடங்குங்கள், அல்லது நம்பிக்கையான ஒருவரை விளைச்சலில் பங்கு பேசி விடுங்கள்.

சான்றிதழும் வெளிநாடும்: சர்வதேச விதிகளின்படி ஆண்டுப் பயிருக்குக் குறைந்தது 2 வருடம், மரப்பயிருக்கு 3 வருடம் காணி இரசாயனம் இல்லாமல் இருந்த பிறகே இயற்கை விளைபொருள் என்ற பெயர் கிடைக்கும். அதன் பிறகும் ஒவ்வொரு வருடமும் பரிசோதனைக் கட்டணம், பதிவேடு. 6 பரப்பில் விளையும் மரக்கறிக்கு அந்தச் செலவு கட்டாது. பலர் சேர்ந்து குழுவாக எடுத்தால் வேறு கதை. உங்களிடம் சாப்பிட வருபவர் சான்றிதழ் பார்த்து வருவதில்லை, உங்களைத் தெரிந்து வருகிறார். ஒரு சான்று வேண்டுமென்றால் விவசாயத் திணைக்களம் கொடுக்கும் நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழைப் பற்றி உங்கள் பகுதிப் போதனாசிரியரிடம் விசாரியுங்கள். அது இயற்கை விவசாயச் சான்று இல்லை, ஆனால் பதிவு எழுதிப் பழக நல்ல படி.

கடைக்கு முன்னால் "இயற்கை உணவகம்" என்று இப்போதே பலகை போட வேண்டாம். அரிசி சந்தையில் வாங்கியது, வெங்காயமும் அப்படித்தான், கீரை மட்டும் உங்களுடையது. இருக்கிற உண்மையை ஒரு கரும்பலகையில் எழுதுங்கள்: "இன்றைய கீரையும் வெண்டிக்காயும் எங்கள் நீர்வேலித் தோட்டத்தில், மருந்து அடிக்காமல் விளைந்தவை." நாளுக்கு நாள் அந்த வரி நீளும். விலையை உடனே கூட்டாதீர்கள். பார்சல் எடுப்பவர்கள் மாணவர்களும் கூலி வேலை செய்பவர்களும்தானே. அவர்களுக்கும் நஞ்சில்லாத சாப்பாடு கிடைக்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்று உங்கள் கடிதத்திலிருந்து விளங்கிக்கொள்கிறேன். காலையில் இலைக்கஞ்சி, பின்னேரம் குரக்கன் புட்டு என்று ஒன்றிரண்டு புதிய சாமானுக்கு நியாயமான விலை வையுங்கள். திருநெல்வேலியில் அம்மாச்சி உணவகத்தில் ஊர்ச் சாப்பாட்டுக்கு நிற்கிற கூட்டத்தை ஒருதரம் போய்ப் பாருங்கள், ஆட்கள் இதைத் தேடுகிறார்கள்.

அத்தானின் காசை இப்படிச் செலவழியுங்கள்: 2 பரப்புக்குச் சொட்டு நீர்க் குழாய், ஒரு தண்ணீர்த் தாங்கி, வேலித் தடி, பந்தலுக்குக் கம்பி, கும்பிக்கு ஒரு கொட்டில். கடனாகத் தந்தாலும் சுமக்கக்கூடிய அளவு அது. மிச்சத்தை அவரிடமே இருக்க விடுங்கள், மூன்றாம் வருடம் நாலாம் பரப்புக்குப் போகும்போது தேவைப்படும். உங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் ஒரு சொல் சொல்லிவையுங்கள், தோட்டத்துக்குப் போகும் கழிவு வாளி சமையலறைக்குள் நிற்காமல் மூடியோடு வெளியே இருந்தால் அவருக்கும் பிரச்சினை இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னர் செய்ய வேண்டியது ஒன்று. மண்ணைச் சோதனைக்கு எடுங்கள். காணியின் பத்துப் பன்னிரண்டு இடங்களில், மேல் சருகை ஒதுக்கிவிட்டு, 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் குழி வெட்டிச் சுவரோரம் சீவி எடுங்கள். வரம்பிலும் கிணற்றடியிலும் எரு குவித்த இடத்திலும் எடுக்க வேண்டாம். எல்லாவற்றையும் ஒரு வாளியில் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவைச் சுத்தமான பையில் போட்டு, காணி விபரம், முன்பு செய்த பயிர் எல்லாம் எழுதிக் கட்டி, கமநல சேவை நிலையத்தில் இருக்கும் விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டுபோங்கள். காரத்தன்மை, உவர், சேதனப் பொருள் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். குத்தகைக்காரர் கடைசி அறுவடையை முடித்த கையோடு, வேறு பசளை எதுவும் விழ முன்னர் எடுத்துவிடுங்கள்.